கிட்டங்கியில் கூடிய சங்கம்

கொட்டகலை கடைவீதியில் சண்முகராஜாவின் மனைவி நாகலெட்சுமி கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டால் போதும், முன்பக்கத்துக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும் வேலையாளின் கை அப்படியே நின்றுவிடும். சண்முகராஜா கல்லாவை விட்டு எழுந்து, எதையோ எடுக்க வந்தவரைப் போல வீட்டுக்குள் நுழைந்து, மனைவியின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பார்.

“என்ன நாகு, சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே?”

“பூனை பால்சட்டிக்குள்ள தலைய விட்டுட்டு எடுக்க முடியாம சுத்துதுங்க. அதான்.”

அவர் பூனையைப் பார்ப்பார். சட்டியைப் பார்ப்பார். இரண்டும் மெய்தான் என்று நிச்சயமான பிறகும், “மருந்து குடிச்சியா?” என்று கேட்டுவிட்டுத்தான் திரும்பிப் போவார்.

சரி, சிரிக்காமல் இருந்தால் தப்பித்தாளா என்றால் அதுவும் இல்லை. “ஏன் ஒரு மாதிரியா இருக்க?” என்பார். அதிகம் பேசினால் ஒரு பயம், பேசாவிட்டால் இன்னொரு பயம். கோபம் மட்டும் அவளுக்கு அறவே விலக்கப்பட்ட பண்டம். ஒருமுறை பாதி அழுகிய பூசணிக்காயை அவர் வாங்கி வந்தபோது, “கண்ணு எங்கங்க போச்சு?” என்று கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி. மதியத்துக்குள் தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரர் வந்து அவளுடைய நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கெல்லாம் காரணம் இருந்தது. நாகலெட்சுமி கொழும்புப் பக்கத்து அங்கொடையில் இருக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் பல மாதம் இருந்து திரும்பியவள்.

அவளுடைய மாமியார் செத்து இரண்டாவது வருஷம் அது தொடங்கியது. அரிசிப் பானையைத் திறந்தால் உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்கும். உயிரோடு இருந்தபோது குழம்பில் உப்பைப் பற்றித்தான் குறை சொல்வாள்; செத்த பிறகு புளியையும் சேர்த்துக்கொண்டாள். முதலில் நாகலெட்சுமி பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னாள். பிறகு இரண்டு பேருக்கும் விடிய விடியச் சண்டை. சண்முகராஜா ஆரம்பத்தில் அதை வியாதி என்று நினைக்கவில்லை. தன் தாய்தான் வந்திருக்கிறாள் என்று முழுமனதாக நம்பினார். ஒருநாள் மனைவி பானையோடு வாதாடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தி, “நாகு, அம்மாதான் பேசுறாங்கன்னா, அந்த மரப்பெட்டிச் சாவிய எங்க வச்சாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு” என்றார்.

அவள் கேட்டாள். மாமியார் சொல்லவில்லை.

அவள் சாப்பிடுவதையும் தூங்குவதையும் நிறுத்திவிட்ட பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. அழுதுகொண்டே ரயில் கோச்சியில் ஏற்றி அவளைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார். ஆஸ்பத்திரியில் தூங்க வைத்தார்கள். வேளாவேளைக்குச் சோறு போட்டார்கள். குரல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவள் திரும்பி வந்ததும் கடைவீதிப் பெண்கள் ஆவலோடு வந்து கேட்டார்கள். “அங்க கட்டிப்போட்டு அடிப்பாங்களாமே?” “இல்லையே, தூங்கச் சொன்னாங்க” என்றாள் இவள். வந்தவர்கள் ஏமாற்றத்தோடு போனார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் நாகலெட்சுமிக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். பூரணி என்று பெயர். கொட்டகலைக்கு மேலே இருக்கும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். மலையிலிருந்து பார்த்தால் ஒருவர் வீட்டுக் கூரை மற்றவருக்குத் தெரியும். ஆனால் இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள அங்கொடை வரைக்கும் போக வேண்டியிருந்தது.

பூரணிக்கு வந்தது வேறு தினுசு. குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் தூக்கம் போனது; தூக்கம் போனதும் மனசு ஆகாயத்துக்கு ஏறிவிட்டது. ஒருநாள் விடியற்காலை, எல்லாரும் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையாக நிற்கும்போது, அவள் ஒரு பாறைமேல் ஏறி நின்று, தானே தோட்டத்துத் துரை என்று அறிவித்தாள். பெரிய கங்காணி மாயாண்டியை விரல் நீட்டிக் கூப்பிட்டு, “மாயாண்டி, ஒனக்குப் பத்துச்சீட்டு. நாளையிலேர்ந்து நீ கூடையத் தூக்கு” என்று வேலையை விட்டு நீக்கினாள். பிறகு ஜனங்களைப் பார்த்து, “எல்லாருக்கும் இன்னைக்கு லீவு” என்றாள். அவளுடைய குரலில் அப்படி ஒரு அதிகாரம். பாதிப் பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டி வர மாயாண்டிக் கங்காணி தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக அலைந்தார். அதை அவர் மன்னிக்கவே இல்லை.

குணமாகி இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரணி மிளகாயும் வெங்காயமும் வாங்கக் கடைக்கு வந்தாள். உள்ளேயிருந்து திரை இடுக்கில் பார்த்த நாகலெட்சுமி, “ஐயோ, பூரணி!” என்று வாய்விட்டுக் கூவிவிட்டாள். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் லட்சியமே பண்ணாமல் வெளியே ஓடிவந்து, ஈரக் கம்பளியோடு நின்ற அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா இருக்கீங்களா மொதலாளியம்மா?”

“அங்க அக்கான்னுதான கூப்பிட்ட? இங்க மட்டும் என்ன?”

சண்முகராஜா மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார். தோட்டத்துப் பெண்ணை அடுப்படி வரைக்கும் விட அவருக்கு மனசில்லை. வேண்டாம் என்று சொன்னால் மனைவிக்கு மறுபடி வந்துவிடுமோ என்ற பயம் வேறு. யோசித்து, “கிட்டங்கியில ஒக்காந்து பேசுங்களேன்” என்றார். கிட்டங்கி என்பது வீட்டுக்குப் பின்னால் சரக்கு அடுக்கி வைக்கும் அறை. அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, உப்பு, கருவாடு, மூலையில் வற்றல் மிளகாய்.

அன்று மாலை வரைக்கும் அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கடையில் தோட்டத்து ஜனம் முண்டியடிக்கும். சண்முகராஜாவால் எழுந்து வந்து முகம் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு செரீபா பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். அவள் இரும்புச் சாமான் கடை ஹசனின் மனைவி. நாகலெட்சுமியை விட வயதில் மூத்தவள்.

“நேத்து என்ன தங்கச்சி அப்பிடிச் சிரிச்சீங்க?”

“பைத்தியத்தப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம் ராத்தா.”

சுவருக்கு அந்தப் பக்கம் காலடி பலகையை நெருங்கியது. பிறகு குரல் தணிந்து வந்தது.

“நானும் வரட்டா?”

செரீபா எந்த ஆஸ்பத்திரிக்கும் போனதில்லை. அவளைப் பிடித்தது சோகம். ஒரு வருஷம் முழுக்க ஓர் அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தாயத்துக் கட்டினார்கள், ஓதிப் பார்த்தார்கள், தண்ணீர் தெளித்தார்கள். புருஷனின் தாயான மாமி, வெளியில் கேட்டவர்களுக்கெல்லாம் தடிமன், வெறும் ஜலதோஷம் என்றே சொல்லிவந்தாள். ஒரு வருஷத் தடிமன்! எப்படியோ அவளாகவே எழுந்துவிட்டாள். ஆனால் எப்படி எழுந்தாள் என்று இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

இந்த இரண்டு பேரும்தான் முதலில் கேட்டார்கள்.

“ஒரேயடியா எழும்பணும்னு நெனச்சா எழும்பேலாது” என்று செரீபா விளக்கினாள். “அடுப்பு, வாளி, மாமிட மொகம் எல்லாம் ஒண்ணா வந்து நெஞ்சில ஏறி ஒக்காந்துக்கும். அதனால நான் காலை மட்டும் கீழ வெச்சேன். இன்னைக்கு இவ்வளவுதான்னு சொல்லிட்டு ஒக்காந்தே ஈந்தேன். அடுத்த நாள் கதவு வரைக்கும். மத்த நாள் கிணத்தடி.”

“கிணத்தடிக்குப் போய்?”

“போய் என்ன, திரும்பி வந்து படுத்துட்டேன். அதுவே பெரிய ஹஜ்ஜுப் பயணம் மாதிரி ஈந்திச்சு.”

இப்படித்தான் அந்தப் பாடசாலை தொடங்கியது. வாத்தியார் என்று தனியாக யாரும் இல்லை. யாருக்கு எந்த வியாதி வந்ததோ அவர் அதற்கு வாத்தியார். தனக்கு வந்ததைச் சொல்லாமல் அடுத்தவருக்குப் புத்தி சொல்லக்கூடாது என்பது சட்டம். “மருந்து குடிச்சியா” என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது என்பது இன்னொரு சட்டம். அதைக் கொண்டுவந்தவள் நாகலெட்சுமி.

பூரணி தன் வியாதி வரும் வழியைச் சொல்லிக்கொடுத்தாள். “எனக்கு அது சந்தோசமாத்தான் வருங்க்கா. அதான் கஷ்டம். தூக்கம் வராது, ஆனா களைப்பும் இருக்காது. கண்ணுல பட்டதெல்லாம் பளபளன்னு தெரியும். அப்பறம் கையில இருக்கிறத எல்லாம் தானம் பண்ணத் தோணும். மொதல்ல மூக்குத்தியக் குடுத்தேன். அப்பறம் ஆட்டப் புடிச்சுக் குடுத்தேன்.”

“ஆட்டையா?”

“ஆமா. அது எங்க ஆடு இல்ல.”

இப்போது அவளும் புருஷன் வீரய்யாவும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். பூரணி எதையாவது தானம் பண்ணத் தொடங்கினால் வீரய்யா சண்டை போடாமல் குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு, இவளைப் படுக்க வைத்து, விளக்கை அணைத்துவிடுவான். தூங்கினால் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் கோச்சி இருக்கிறது, கொழும்பு இருக்கிறது.

நாகலெட்சுமி கடைசியாகத்தான் வாய் திறந்தாள். அவள் சொன்னது புருஷனிடம்கூடச் சொல்லாத சமாச்சாரம். குரல் முழுக்கப் போகவில்லை. வெறும் வயிற்றில் இருந்தால், தனியாக ரொம்ப நேரம் இருந்தால், எப்போதாவது அரிசிப் பானையிலிருந்து மெல்லக் கேட்கும்.

“இப்ப நான் சண்டை போடுறதில்ல. ‘அத்தை, கை வேலையா இருக்கேன், பின்னேரம் வாங்க’ன்னு சொல்லிட்டு ரெண்டு வாய் சோறு சாப்பிட்டுருவேன்.”

“பின்னேரம் வாராங்களா?” என்றாள் செரீபா.

“இல்ல ராத்தா. அவங்க எப்பவும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல.”

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மிளகாய் மூட்டைமேல் படுத்திருந்த பூனை எழுந்து ஓடியது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டுக்குள் மாயாண்டிக் கங்காணி வந்து புகுந்தார். கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக ஒருநாள் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அது தோட்டங்களில் தொழிலாளர் ‘சங்கம்’ என்ற சொல் முதன்முதலாகக் காதோடு காதாக நடமாடத் தொடங்கிய வருஷம். இரண்டு தொழிலாளிகள் ஒரு மரத்தடியில் பீடி பற்றவைத்தால்கூடக் கங்காணிமார் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்கள்.

“மொதலாளி, ஒங்க வீட்டுல சங்கம் நடக்குதாமே?”

“என்ன சங்கம்?”

“ஞாயித்துக்கெழம தவறாம எங்க தோட்டத்துப் பூரணி இங்க வர்றா. கதவச் சாத்திக்கிட்டுப் பேசுறாங்க. வெறும் பொம்பளன்னு நெனச்சுக்கிறாதீங்க. எனக்கே பத்துச்சீட்டுக் குடுத்தவ அவ. தொர காதுக்கு இது போச்சுன்னா எங்க ஆளுங்க ஒருத்தனும் ஒங்க கடைப் படி ஏற மாட்டான். அவ்வளவுதான் சொல்லுவேன்.”

அவர் போனதும் சண்முகராஜா உள்ளே வந்தார்.

“கிட்டங்கியில என்னதான் பேசுறீங்க?”

“பைத்தியத்தப் பத்திங்க.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும் வரைக்கும் பைத்தியத்தைப் பற்றியே பேச முடியுமா? மனுஷனுக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்லாவைத் தம்பி பெரியதம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கத்து டவுனான ஹட்டன் வரைக்கும் போய்வருவதாகச் சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நாகலெட்சுமிக்கு அன்று ஒரு விஷயம் மட்டும் விசித்திரமாகப் பட்டது. பூனை மிளகாய் மூட்டைமேல் படுக்காமல், எதிரே உட்கார்ந்து அந்த மூலையையே முறைத்துக்கொண்டிருந்தது. எலியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அன்றைய பாடம், கோபப்படுவது எப்படி என்பது. நாகலெட்சுமிக்குத்தான் அந்தப் பாடம் அவசரமாகத் தேவைப்பட்டது. பைத்தியம் என்ற பேர் வாங்காமல் ஒரு பெண் கோபப்பட முடியுமா? பழகிப் பார்ப்போம் என்றார்கள். பூரணி கம்பளியை வேட்டி மாதிரி சுற்றிக்கொண்டு சண்முகராஜாவாக மாறினாள். துரையாகவே நடித்தவளுக்கு முதலாளி எம்மாத்திரம்?

“என்ன நாகு,” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். “ஏன் சிரிக்கிற? ஏன் சிரிக்கல? ஏன் நிக்கிற? நின்னா கால் வலிக்கும். ஏன் ஒக்காந்துட்ட, களைப்பா? நாக்க நீட்டு. பூனைக்கு ஏன் ரெண்டு தடவ பால் வச்ச? எண்ணிக்க மறந்துபோச்சா? மருந்து குடிச்சியா? குடிச்சேன்னு சொன்னியே, எப்ப குடிச்ச? நான் பாக்கலையே!”

செரீபா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நாகலெட்சுமி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். “இங்க பாருங்க—” என்று தொடங்கும்போது மூலையிலிருந்து ஒரு வெடிச்சத்தம் வந்தது.

“ஹச்!”

அதற்கப்புறம் அடுக்கடுக்காக ஐந்தாறு. மிளகாய் மூட்டைகள் தாமாகவே தும்மின. மேல் மூட்டை ஆடிச் சரிந்தது. செரீபா “பிஸ்மில்லாஹ்!” என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பூரணி மூட்டை தூக்கும் கொக்கியை எடுத்து ஓங்கினாள். சிவப்புத் தூசிக்கு நடுவிலிருந்து குடையோடு சண்முகராஜா எழுந்தார். கண், மூக்கு, வாய் எல்லா வழியிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

“ஹட்டனுக்குப் போகலையா?” என்று கேட்டாள் நாகலெட்சுமி.

“கோச்சி... போயிருச்சு.”

அவ்வளவுதான். வருஷக்கணக்கில் உள்ளே அடைத்து வைத்திருந்தது மடை திறந்தது. ஒளிந்து கேட்க இதென்ன திருட்டுக் கூட்டமா, பெண்டாட்டி பேசுவதைக் கேட்க ஆசையிருந்தால் வாயைத் திறந்து கேட்டால் என்ன, மிளகாய்க்குள் உட்காருகிறவனுக்கு நல்ல புத்தி, பூனையைப் பார்த்துச் சிரித்தவளுக்கு மருந்தா என்று அவள் ஒரே மூச்சில் கேட்டுத் தீர்த்தாள். அவர் “நாகு, மருந்து...” என்று வாயெடுத்தார். மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். வாய் மூடிக்கொண்டது.

செரீபாதான் முதலில் இரங்கி, தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். முகம் கழுவினார். கழுவிய பிறகும் கண்ணீர் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது மிளகாய்க் கண்ணீர் இல்லை என்று அவர்களுக்கு விளங்கியது.

“அம்மா இன்னும் பேசுறாங்களா?” என்று கேட்டார் அவர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

“எப்பவாவது.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீங்க பயப்படுவீங்க. நீங்க பயந்தா எனக்கு இன்னும் ஜாஸ்தியாயிரும்.”

அவர் ஒரு பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்தார். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து தனக்குத் தூக்கமே சரியில்லை என்றார். அவள் மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிறாராம். கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தால், பூட்டினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி எழுகிறாராம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது காது மட்டும் உள்ளேயே இருக்கிறதாம். “அன்னைக்கு மொதல்லயே சீக்குன்னு தெரிஞ்சுக்காம, பக்கத்துல குந்திச் சாவி கேட்டேனே நாகு. அந்த நெனப்பு என்னைத் தின்னுது.”

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் மெதுவாகக் கேட்டார். “அம்மா அந்தச் சாவியப் பத்தி அதுக்கப்பறம் ஏதாவது...”

நாகலெட்சுமிக்குச் சிரிப்புப் பீறிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. முன்னால் கடையில் பருப்பு நிறுத்த கை கட்டாயம் நின்றிருக்கும். அன்று எழுந்து வந்து பார்க்க அவர்தான் கல்லாவில் இல்லை.

“மொதலாளி,” என்றாள் பூரணி. “எங்க வீட்டு மனுசனும் ஆரம்பத்துல ஒங்கள மாதிரித்தாங்க. நான் தும்முனாலும் கம்பளியத் தூக்கிட்டு வருவாரு. அப்பறம் ரெண்டு பேரும் பேசி ஒரு கணக்கு வச்சோம். ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான். அத எப்ப வேணா கேட்டுக்கலாம். நானும் பொய் சொல்லாம பதில் சொல்லணும். அதுக்கு மேல கேட்டா பதில் கெடையாது.”

சண்முகராஜா யோசித்தார். வியாபாரி அல்லவா? “நாலு வச்சுக்கலாமே” என்றார்.

“ஒண்ணு.”

“ரெண்டாவது குடும்மா. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

“ஒண்ணுதான்” என்றாள் நாகலெட்சுமி. பேரம் முடிந்தது.

அந்த வாரம் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. விடிந்ததுமே அன்றைய கேள்வியைச் செலவழித்துவிடுவார். மத்தியானம் நாகலெட்சுமி அடுப்படியில் பாட்டு ஏதோ முணுமுணுத்தால், வாசலில் வந்து நின்று தவிப்பார். கேட்க முடியாது. கடைசியில் பூனையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, “ஏ பூனை, ஒங்கம்மா சாப்பிட்டாங்களா? தலைவலி ஏதும் இல்லையாமா?” என்று விசாரிப்பார். பூனையிடம் கேட்பது கணக்கில் சேருமா சேராதா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய வழக்கே நடந்தது. சேராது, ஆனால் பூனை பதில் சொல்வதாகத் தோன்றினால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று நாகலெட்சுமி தீர்ப்புச் சொன்னாள்.

ஆனால் அவர் தூங்கத் தொடங்கினார். பூட்டை இழுத்துப் பார்ப்பதும் குறைந்தது. ஞாயிறுகளில் கடைக் கூட்டம் கொஞ்சம் ஓயும் நேரத்தில் கிட்டங்கிக்கு வந்து, உப்பு மூட்டைப் பக்கம் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவார்.

மாயாண்டிக் கங்காணியும் சும்மா இருக்கவில்லை. முதலாளியே இப்போது கூட்டத்தில் உட்காருகிறார் என்ற செய்தி அவருக்கு எட்டியது. முதலாளி ஒருவர் சங்கத்தில் சேர்ந்துவிட்டால் அப்புறம் உலகம் எங்கே போய் நிற்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொலிஸ்காரரான டிங்கிரி பண்டா ராலஹாமியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து கடை முன்னால் நின்றார். கடைவீதி முழுக்கக் கூடிவிட்டது.

கிட்டங்கியில் இருந்த நாகலெட்சுமிக்குக் கங்காணியின் குரல் கேட்டது. “உள்ள சங்கம் நடக்குது ராலஹாமி. நீங்களே பாருங்க.” செரீபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பூரணியின் முகம் வெளுத்தது. அவளுக்குப் பத்துச்சீட்டுக் கிடைத்தால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். நாகலெட்சுமி எழுந்து நடைக்கு வந்தாள். கல்லாவில் புருஷன் நிற்பது பின்னாலிருந்து தெரிந்தது. கோயில் திருவிழா நன்கொடையில் முதல் பேர் அவருடையது. கடைவீதியில் அவருடைய வார்த்தைக்கு ஒரு மதிப்பு உண்டு. பூஜை என்று சொல்வார், தையல் வகுப்பு என்று சொல்வார் என்று நினைத்தாள். அவளே அவருடைய இடத்தில் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

சண்முகராஜா வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“ஆமா, சங்கந்தான்,” என்றார் ஊருக்கே கேட்கும்படி. “பைத்தியக்காரங்க சங்கம். சீக்கு வந்து சொகமானவங்க, மறுபடி வராம இருக்க என்ன செய்யணும்னு ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கிறாங்க. எம் பெண்டாட்டி இருக்கா. நானும் மெம்பரு.”

வீதியில் நின்ற கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது.

“நீங்களுமா மொதலாளி?” என்றார் கங்காணி.

“நானுந்தான். எனக்குப் பூட்டு சீக்கு.”

டிங்கிரி பண்டா உள்ளே வந்து பார்த்தார். மூட்டைகள், மூன்று பெண்கள், பாதி குடித்த தேத்தண்ணி, ஒரு பூனை. “மொகத மே?” என்று சிங்களத்தில் கங்காணியிடம் கேட்டார். இதென்ன என்று அர்த்தம். கங்காணி பூரணியைச் சுட்டிக்காட்டினார். “இவதான் தலைவி! பெரட்டுக்களத்துல அன்னைக்கு என்ன பேச்சுப் பேசினா, கேளுங்க!”

பூரணி எழுந்து கையைக் கூப்பினாள். “கங்காணி ஐயா, அன்னைக்கு ஒங்களுக்குப் பத்துச்சீட்டுக் குடுத்தது சீக்குலதாங்க. மன்னிச்சுக்கங்க.” ஒரு நிமிஷம் நிறுத்திச் சொன்னாள். “ஜனங்களுக்கு லீவு குடுத்தது சீக்கா என்னன்னு இன்னும் தெரியலங்க.”

செரீபாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். முக்காட்டுக்குள்ளிருந்தே அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். ராலஹாமி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். வாசலில் நின்ற தோட்டத்து ஜனமும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் பாதிப் பேர் அன்று லீவு அனுபவித்தவர்கள். மாயாண்டிக் கங்காணி குடையை விரித்துக்கொண்டு, மழையே இல்லாத வீதியில் இறங்கி நடந்தார். இதைத் துரையிடம் கொண்டுபோனால் பழைய பத்துச்சீட்டுக் கதையும் பங்களா வரைக்கும் ஏறும் என்பது அவருக்குத் தெரியாதா? அதோடு வாயை மூடிக்கொண்டார்.

ராலஹாமி மட்டும் போகவில்லை. கூட்டம் கலையும் வரை நின்று, பிறகு உடைந்த தமிழில் கேட்டார். “அம்மே... நம்ம நங்கி இருக்கி. தங்கச்சி. வீட்டுல சொவரு பாத்து ஒக்காந்து இருக்கி. பேச்சு இல்ல. இங்க கூட்டி வந்தா... ஏசுவீங்களா?”

“நாங்க எதுக்கு ஏசுறோம்?” என்றாள் நாகலெட்சுமி. “கூட்டிக்கிட்டு வாங்க.”

அடுத்த வாரம் குமாரிஹாமி என்ற அந்தப் பெண் வந்தாள். வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். யாரும் அவளைத் திருப்பவில்லை. செரீபா தன் பலகையை நகர்த்திக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் அதே சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நல்ல சுவருதான்” என்று சிங்களத்தில் சொன்னாள். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. ஆனால் மறு வாரமும் வந்தாள்.

பெருமழைக் காலம் பிறந்ததும் செரீபா வருவது நின்றது. ஒரு ஞாயிறு பார்த்தார்கள், மறு ஞாயிறும் பார்த்தார்கள். பலகைச் சுவரைத் தட்டினால் அவளுடைய மாமிதான், “அவளுக்குத் தடிமன்” என்றாள்.

நாகலெட்சுமிக்குப் புரிந்துவிட்டது. பூரணியைக் கூட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் வீதி வழியாகவே போய் ஹசனின் வீட்டு முன்வாசலில் நின்றாள். பின்னாலேயே குமாரிஹாமியும் வந்து நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. மாமி கதவை மறித்து, “தடிமன் ஒட்டிக்கும்” என்றாள்.

“ஒட்டாது பெரியம்மா,” என்றாள் பூரணி. “எங்களுக்கு ஏற்கெனவே வந்து போன தடிமன்தான்.”

மாமி வழிவிட்டாள்; உள்ளே செரீபா கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தாள். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. “போங்க” என்றாள் அவள். சரி என்று போனார்கள். மறுநாள் நாகலெட்சுமி வந்து தலையை வாரிவிட்டாள். மறுபடியும் “போங்க” என்றாள்; போனாள். ராலஹாமியின் தங்கை சும்மா வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். வேலை முடிந்த பொழுதுகளில் பூரணி ஈரக் கம்பளியோடு வந்து, கங்காணி நடந்து போகிற மாதிரி அறைக்குள் ஒரு சுற்று நடந்து காட்டுவாள். ஒன்றும் பலிக்கவில்லை. மழைதான் பெய்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் ஒருநாள் ஹசன் கடைக்கு வந்து, எதுவும் வாங்காமல், சண்முகராஜாவின் முன்னால் நின்றார். தாடியில் மழைத்தண்ணீர் சொட்டியது.

“மொதலாளி, போன தடவை ஒரு வருஷம். இந்தத் தடவை எத்தனையோ? நான் என்ன செய்யிற?”

சண்முகராஜா கல்லாவைப் பெரியதம்பியிடம் விட்டுவிட்டு அவரைக் கிட்டங்கிக்குக் கூட்டிப் போனார். உப்பு மூட்டைமேல் உட்கார வைத்தார். தனக்கு வந்த பூட்டு சீக்கை முதலில் சொன்னார். சட்டப்படி அதுதான் முறை. பிறகு ஹசனைப் பேசவிட்டு, கேட்டுக்கொண்டே இருந்தார். அதன் பிறகு ஹசன் வாரம் தவறாமல் வந்தார்.

மழை வெறித்து, மலைகள் மறுபடி தெரியத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை செரீபா கிட்டங்கிக்கு வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வாசற்படியில் ஒரு கையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். பூரணியும் நாகலெட்சுமியும் எழுந்து ஓடிவரவில்லை. சும்மா நகர்ந்து இடம் விட்டார்கள். ஆனால் அந்த இடத்தை ஒட்டியே ஏற்கெனவே சண்முகராஜாவும் ஹசனும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டு நிறைய முறுக்கோடு, கேள்வி ஒன்றா ஒன்றரையா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“இது பொம்பளைங்கட எடம்” என்றாள் செரீபா. பல வாரங்களுக்குப் பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. “ரெண்டு பேரும் எழும்பி அந்தக் கருவாட்டுப் பக்கம் போங்க.”

ஆண்கள் தேத்தண்ணிக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு கருவாட்டுப் பக்கம் போனார்கள். முறுக்குத் தட்டை எடுத்துப் போக விடவில்லை.